எண்பதைத் தொண்ணூறாக்கும் திட்டம்

உலகக் கூடைப்பந்துத் தரவரிசையைக் கவனிப்பவர்கள் பல நாடுகளில் இருக்கலாம். அதற்காகக் கவலைப்படும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர்கள் துபாயில், அல் குசைஸ் பக்கம், ஏசி அவ்வப்போது மட்டும் வேலை செய்யும் ஓர் உள்ளரங்கில் ஞாயிறு மாலைகளில் கூடுகிறார்கள். எங்கள் மாவட்டத்துத் தமிழர்கள் நடத்தும் சின்னச் சங்கத்தின் விளையாட்டுப் பிரிவு அது. எல்லாரும் ஆண்கள். வாரம் மூன்று மணி நேரத்துக்கு அரங்கைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். முதல் மணி நேரம் ஆட்டம். இரண்டாவது மணி நேரம் மூச்சு வாங்குதல். மூன்றாவது மணி நேரம் உலக அணிகளின் எதிர்காலம்.

நான் அந்த மூன்றாவது மணி நேரத்தை எங்களுக்குத் தரும்படி கேட்டேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்லும் முறை ஒன்று இருக்கிறதாம். எனக்கு எந்த வாத்தியாரும் அதைச் சொல்லித் தரவில்லை. கல்லூரியில் இடம் கிடைத்தது விளையாட்டு ஒதுக்கீட்டில், கூடைப்பந்துக்காக. ஒதுக்கீடு இல்லாமலும் கிடைத்திருக்கும் அளவுக்கு மார்க் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது தேராவில் ஒரு சரக்குக் கம்பெனியில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். என் அறையில் இருக்கும் நர்ஸ் ஒருத்தியும், அவளுக்குத் தெரிந்தவர்கள் சிலருமாக, ஊரில் கல்லூரி அணிகளுக்கு ஆடிய ஆறு பெண்கள் சேர்ந்தோம். கோடை முடிந்ததும் நடக்கவிருந்த பெண்கள் போட்டி ஒன்றுக்குப் பெயரும் கொடுத்துவிட்டோம். பயிற்சிக்குத்தான் இடம் இல்லை. ஜூன் மாதத்தில் இங்கே திறந்தவெளி கோர்ட்டில் இறங்குவதும் தோசைக்கல்லில் இறங்குவதும் ஒன்று. கூரையும் ஏசியும் உள்ள இடம் கிடைக்காவிட்டால் பெயரைத் திரும்பப் பெற வேண்டியதுதான்.

எங்கள் கோரிக்கையை முதலில் ஆண்கள் அணியின் கேப்டனிடம் சொன்னேன். ஐடி கம்பெனியில் வேலை. தரவரிசையில் எந்த நாடு எங்கே நிற்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கூடைக்கு நேராக நின்று போடச் சொன்னால்தான் கொஞ்சம் யோசிப்பார். "அந்த டைம்லதாங்க நாங்க அனாலிசிஸ் பண்றோம்" என்றார். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என விட்டுவிட்டு, நேரே தலைவரிடம் போனேன்.

சங்கத் தலைவர் தேராவில் அத்தர்க் கடை வைத்திருக்கிறார். கீழக்கரைப் பக்கத்துக்காரர். ஊரெல்லாம் அவரை பாய் என்று கூப்பிடும். நான் அண்ணே என்பேன். நல்ல மனிதர். கையில் மைக் இல்லாதபோது மிகவும் நல்ல மனிதர். டீ வரவழைத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், ஆண்டு விழாவில் தான் ஒரு சிறப்புரை ஆற்ற வேண்டியிருப்பதாகவும், கேப்டன் தலைப்பை மட்டும் கொடுத்துவிட்டு ஆளையே காணோம் என்றும் சொன்னார். தலைப்பு: ஆண்கள் தேசியக் கூடைப்பந்து அணிகள், உலகத் தரவரிசையும் வருங்காலமும்.

"நீ எழுதித் தா தங்கச்சி. அந்த ஒரு மணி நேரம் ஒங்க புள்ளைங்களுக்குத்தான். கலாஸ், பேச்சு முடிஞ்சுது."

பெண்களுக்கு ஒரு மணி நேரம் கிடைக்க ஆண்களைப் பற்றி நான்கு பக்கம் எழுத வேண்டும். உலகம் இதைவிடக் கடினமான விலையெல்லாம் கேட்டிருக்கிறது என்று உட்கார்ந்து எழுதினேன்.

நன்றாகவே எழுதினேன். பெரிய ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு, ஒழிந்த ஆட்களை மட்டும் அனுப்பியும் அமெரிக்கா மேலேயே உட்கார்ந்திருப்பதை எழுதினேன். சென்னையில் வசிக்கும் கூட்டத்தைவிடக் குறைந்த மக்களை வைத்துக்கொண்டு செர்பியா என்ன செய்கிறது என்று எழுதினேன். பிலிப்பைன்ஸ்காரர்கள் இந்த ஆட்டத்தின் மேல் வைத்திருக்கும் காதலைத் தரவரிசை இன்னும் கண்டுகொள்ளவில்லை என்றேன். அடுத்த உலகக் கோப்பையைக் கத்தார் நடத்தப்போவதையும், வெளிநாட்டில் பிறந்து பிறகு குடியுரிமை பெற்ற ஒருவரை அணிக்கு ஒருவர் வீதம் சேர்த்துக்கொள்ள விதி இடம் கொடுப்பதையும் விளக்கினேன். இருபது, முப்பது வருடமாக விசா புதுப்பித்துக்கொண்டிருக்கும் நம் ஆட்கள், கொஞ்சம் உயரமாகப் பிறந்திருக்கலாம் என்று வருந்த இது ஒரு நல்ல வாய்ப்பு என்று ஒரு வரி சேர்த்து, பிறகு அடித்துவிட்டேன். இந்தியாவைப் பற்றி நேர்மையாக எழுதினேன்: "நாம் எண்பதை ஒட்டி நிற்கிறோம். நமக்கு உயரம் குறைவில்லை, பள்ளிக்கூடங்களில் கோர்ட்தான் குறைவு."

விழா ஒரு ஹோட்டலின் மேல்மாடி ஹாலில் நடந்தது. பகல் சாப்பாடு பிரியாணி என்று போட்டிருந்ததால் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் ஊருக்கு நேரலையில் அனுப்பிக்கொண்டிருந்தார். அமெரிக்காவையும் செர்பியாவையும் தலைவர் தடுமாறாமல் வாசித்துக் கடந்தார். என் வாக்கியங்கள் அந்தக் குரலில் கம்பீரமாகவே இருந்தன. இந்தியா வந்தது. எண்பது என்ற இடத்தில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். தாளை மடித்துவிட்டார்.

"எண்பது. கேட்டீங்களா? எம் மகன் இங்க ஸ்கூல்ல கணக்குல வாங்குனதே எழுபத்தி ரெண்டுதான். அதுக்கே வீட்ல நெய்ச்சோறு ஆக்குனோம். நம்ம நாட்டுப் பசங்க ஒலக அளவுல எண்பது வாங்கியிருக்காங்க."

கை தட்டினார்கள். மகனோ மகளோ இங்கே படிக்காத குடும்பம் அந்த ஹாலில் குறைவு. எண் என்றால் மார்க், மார்க் என்றால் நூற்றுக்கு. எண்பது என்ற எண்ணை வேறு எப்படியும் கேட்க அவர்கள் காதுக்குப் பழக்கமில்லை. கேப்டனும் தட்டினார். வாரா வாரம் ஒரு மணி நேரம் அனாலிசிஸ் செய்கிறவர், மடியில் கிடந்த போனிலிருந்து கண்ணை எடுக்காமல், எல்லாரையும்விட இரண்டு தட்டு அதிகமாகத் தட்டினார்.

தலைவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "எண்பதோட நின்னுட்டா போதுமா? தொண்ணூறாக்க வேணாமா? அதுக்கு பிராக்டிஸ் பத்தாது. அதனால இனிமே நம்ம பசங்களுக்கு மூணு மணி நேரமும் பிராக்டிஸ்தான். ஒக்காந்து பேசுறது மாஃபி, கெடையவே கெடையாது."

எண்பது வாங்கியது நாட்டு அணி, பிராக்டிஸ் சங்கத்து அணிக்கு. இதற்கும் கைதட்டல். ஹாலின் கடைசியில் நின்றிருந்த நர்ஸ் என்னைப் பார்த்தாள். எங்கள் மணி நேரம் பிரியாணிக்கு முன்பே ஆண்களுக்குப் பரிமாறப்பட்டுவிட்டது.

அவர் மேடையிலிருந்து இறங்கி, வாழ்த்துகளை வாங்கிக்கொண்டு, கை கழுவும் இடத்துக்கு வரும் வரை காத்திருந்தேன். பக்கத்தில் யாரும் இல்லை.

"அண்ணே, எண்பதுங்கிறது மார்க் இல்லண்ணே. ரேங்க்."

"ரேங்கா?"

"ஆமா. நமக்கு முன்னாடி அத்தனை நாடு நிக்குது."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் மூடவில்லை. "அப்ப தொண்ணூறு?"

"இன்னும் பத்து நாடு நம்மளத் தாண்டிப் போயிருக்கும்."

"கை தட்டுனாங்களே தங்கச்சி."

"நல்லாவே தட்டுனாங்கண்ணே."

அவர் முகம் சுருங்கியது. நேரலையை ஊரில் அவருடைய மச்சான்மார் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றார். அவர்களில் ஒருவருக்கு இவரைப் பிடிக்காது என்றும் தெரிந்தது. யாராவது கண்டுபிடித்திருப்பார்களா என்று கேட்டார். கேப்டன் இன்னும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார் என்றேன். அதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

"நீ சொல்லிறாத."

நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை, ஆனால் ஆண்கள் மூன்று மணி நேரம் பயிற்சி எடுத்துவிட்டு, தொண்ணூறு வந்துவிட்டதா என்று யாராவது பட்டியலைத் திறந்து பார்த்தால் பிறகு எதையும் மறைக்க முடியாதே என்று மட்டும் சொன்னேன். மிகுந்த மரியாதையோடுதான் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். தேராவில் அத்தனை வருடம் கடை நடத்தியவருக்கு ஒரு பேரம் எப்போது முடிந்துவிட்டது என்று தெரியாமல் இருக்காது. குழாயை மூடிவிட்டு நேரே மேடைக்குப் போனார். தட்டுகளோடு உட்கார்ந்துவிட்ட கூட்டம் நிமிர்ந்து பார்த்தது.

"ஒரு சின்னத் திருத்தம். யோசிச்சுப் பாத்தேன், தொண்ணூறு வேணாம். பேராசை நல்லதில்ல. நம்ம பசங்க இப்ப பண்ற பிராக்டிஸே பண்ணட்டும், கூட்ட வேணாம். மூணாவது மணி நேரம் நம்ம தங்கச்சிமாருக்கு."

வாயில் பிரியாணியோடு எவ்வளவு முடியுமோ அவ்வளவு தட்டினார்கள். கேப்டன் மட்டும் கையை நிறுத்தி யோசித்தார். விஷயம் புரிந்துவிட்டதோ என்று ஒரு கணம் பயந்தேன். அவருடைய வருத்தம் அனாலிசிஸ் போனதில்.

அடுத்த ஞாயிறு நாங்கள் ஆறு பேரும் போனபோது ஆண்கள் கோர்ட்டை விட்டுத் தந்தார்கள், அரங்கை விட்டுத் தரவில்லை. ஓரத்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, பெண்களுக்கும் உலகத் தரவரிசை இருக்கிறதா என்று போனில் தேட ஆரம்பித்தார்கள். இருக்கிறது என்று கேப்டன் கண்டுபிடித்து, நம் பெண்களின் வருங்காலம் பற்றித் தன் கருத்தைத் தொடங்கினார். ஊரை விட்டு வந்தபின் பந்தையே தொடாத நர்ஸின் முதல் பந்து வளையத்துக்கு இரண்டடி தள்ளிப் பறந்து, அவர் காலடியில் போய் விழுந்தது.

பேச்சை நிறுத்தாமல், ஒற்றைக் கையால் அவர் அதை எங்களிடம் உருட்டிவிட்டார்.