நெய் ஒட்டாத உடம்பு

என் மகளுக்கு ஒன்றரை வயதானபோது எடை ஆறு கிலோ. பெரியவர்கள் அளவுக்குச் சாப்பிடுவாள். ஆனாலும் கையும் காலும் குச்சியாக இருந்தன, வயிறு மட்டும் உப்பியிருந்தது. இருமல் ஓயவில்லை. அது 1978. எடப்பாடியில் நானும் என் வீட்டுக்காரரும் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தோம்.

அவளுக்கு முன்னால் பிறந்த பையன் எட்டாம் மாதத்தில் இதே இருமலில் போய்விட்டான். இவளும் தங்கமாட்டாள் என்று உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை.

உள்ளூர் டாக்டர் காசநோய் என்று ஊசி போட்டார். உடம்பு தேறட்டும் என்று மாமியார் சோற்றில் நெய் ஊற்றினார். நெய் சேரச் சேர வயிற்றுப்போக்கு அதிகமானது. அதில் எண்ணெய் மிதக்கும், நாற்றம் தாங்காது. யாரும் பார்ப்பதற்குள் துணிகளை அலசிவிடுவேன். வெட்கத்தில் டாக்டரிடம்கூட அதைச் சொல்லவில்லை.

சித்திரையில் அவளைத் தூக்கிக்கொண்டு திருச்செங்கோட்டு மலைக்குப் போனேன். "காப்பாத்து. இல்லீனா சீக்கிரம் எடுத்துக்கோ" என்று அம்மையப்பரிடம் கேட்டேன். அப்படிக் கேட்டதை இன்றுதான் வெளியே சொல்கிறேன்.

படி இறங்கும்போது வெயிலில் குழந்தை துவண்டுவிட்டாள். மண்டபத்து நிழலில் இருந்த ஓர் அம்மாள் அவளை வாங்கி மடியில் கிடத்தி, உப்புப் போட்ட மோரைப் புகட்டினார். கோயம்புத்தூரில் குழந்தைகளைப் பார்க்கும் நர்ஸ் அவர். குழந்தையின் நெற்றியில் வியர்வை காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்ததைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஏனுங், கொழந்தைக்கு முத்தங் குடுத்தா உப்புக் கரிக்குமுங்களா?"

"ஆமாங்க. மொதப் பையனுக்கும் அப்படித்தானுங்க."

அவர் குழந்தையின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு, "வெளிய போறதுல எண்ணெ மெதக்குதுங்களா?" என்றார்.

ஒளித்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன்.

மறுவாரமே அவர் சொன்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். வியர்வையில் உப்பைச் சோதித்துப் பார்த்துவிட்டு டாக்டர் விளக்கினார். "கொழுப்பைக் கரைக்கிற நீர் கணையத்திலிருந்து குடலுக்கு வரணும். இவளுக்கு அந்த வழி அடைச்சிருக்கு. அதனால நெய் உடம்புல சேராம வெளிய போயிடுது. இருமலும் காசநோய் இல்ல, நெஞ்சுல சளி கெட்டியா அடைக்கறதால வர்றது. இது பிறவியிலேயே வர்றது. உங்க தப்பு இல்லம்மா."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் அழுதேன்.

சாப்பாட்டோடு கொடுக்க ஒரு பொடி எழுதினார். நெய்க்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய், அது கொஞ்சம் சுலபமாகச் சேருமாம். பொடி பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது என்றார். நாங்கள் சைவம். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"அதும் சாமி படைச்சதுதான். குடு" என்றார்.

மூன்று மாதத்தில் ஒன்றரைக் கிலோ ஏறினாள். வயிறு அடங்கியது. ஒருநாள் தறிக்கூடத்து வாசலில், எதையும் பிடிக்காமல் நடந்து வந்தாள். தறியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து வருடம் ஆகிறது. நோய் போகவில்லை, போகாது என்றும் சொல்லிவிட்டார்கள். மார்கழிப் பனியில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுத்து எழுகிறாள். இன்னும் எத்தனை வருடம் என்று எனக்குத் தெரியாது. இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறாள், என்னோடு சண்டை போடுகிறாள். எடுத்துக்கொள் என்று கேட்டவள் நான். அம்மையப்பர் அந்தப் பாதியைக் காதில் வாங்கவில்லை.

உங்களுக்கும் வெளியே சொல்ல முடியாத பாரம் ஒன்று இருக்கலாம். அதை அம்மையப்பரிடம் இறக்கி வையுங்கள். பிறகு யாராவது வந்து விசாரித்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவர்களைக் கேட்க வைப்பதும் அவர்தான்.