என் வாய் எரிச்சலும் நாத்தனாரின் வேகாத கறியும்

இன்று காலை பட்டாபிராமில் ஒரு பல் கிளினிக்கில்...

"அம்மா, உங்களுக்குப் பீரியட்ஸ் நின்னு எவ்ளோ நாளாச்சு?"

கேட்டது பல் டாக்டர். நான் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி கிடக்கிறேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர்.

(அவர் உடனே சுவரில் இருந்த கடைவாய்ப் பல் படத்தைப் பக்தியோடு பார்க்க ஆரம்பித்துவிட்டார்.)

முதலில் இருந்து சொல்கிறேன்.

சில மாதங்களாக எதைச் சாப்பிட்டாலும் எனக்கு வாய் எரிச்சல். தயிர் சாதம்கூட எரிந்தது.

பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். பயந்துபோய் பிரஷ்ஷை ஓரம் கட்டிவிட்டு விரலால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மிளகாய்த்தூளில்தான் கோளாறு என்று மில்காரரிடம் போய் சண்டையும் போட்டேன். (பாவம் அவர்.)

அந்தச் சமயத்தில்தான் நசரத்பேட்டையில் இருந்து என் நாத்தனார் தேவி ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்தாள். ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தேன்.

ஒரு துண்டை வாயில் போட்டவள் அதை எடுத்து இலை ஓரமாக வைத்தாள்.

"இன்னா அண்ணி, கறியே வேவல. ரப்பர் மாரி கீது."

"எல்லாரும் துன்னுகினுதான கீறாங்க. உனுக்கு மட்டும் வேவலியா?"

"அண்ணன் உனுக்குப் பயந்துகினு துன்னுது. உன் கைப்பக்குவம்லாம் போச்சு அண்ணி."

"அப்போ உங்கூட்லயே போய் துன்னு."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள். அதோடு பேச்சு நின்றது. தினமும் காலையில் அவளிடம் இருந்து போன் வரும், அதுவும் நின்றது. அவளை விட்டால் எனக்கு மனம்விட்டுப் பேச வேறு ஆள் கிடையாது. அந்த நேரம் வந்தால் அழுகையாக வரும்.

சரி, கிளினிக்குக்கு வருவோம். டாக்டர் பார்த்து முடித்ததும், பல நாளாகத் தொண்டையில் நின்ற கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"கேன்சரா டாக்டர்?"

"அந்த மாதிரி எதுவும் தெரியலம்மா. மாதவிடாய் நிக்கிற வயசுல ஹார்மோன் குறையும். சில பேருக்கு எச்சில் குறைஞ்சு வாய் காஞ்சு போகும், நாக்கு எரியும். ஈறு சட்டுன்னு வீங்கி ரத்தம் வரும். கவனிக்காம விட்டா ஈறு இறங்கி, எலும்பு தேஞ்சு பல்லு ஆட ஆரம்பிக்கும். அப்புறம் கெட்டியா எதையும் மெல்லவே முடியாது."

மெத்தென்ற பிரஷ், அடிக்கடி தண்ணீர், ரத்தம் வந்தாலும் பல் தேய்ப்பதை நிறுத்தக் கூடாது, எதற்கும் சுகர் டெஸ்ட் என்று அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டே போனார்.

என் மனசு 'மெல்லவே முடியாது' என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. தேவிக்கும் என் வயதுதான்.

வெளியே வந்ததும் ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவளுக்குப் போன் போட்டேன்.

"தேவி, உனுக்குப் பல்லு ஆடுதா?"

அந்தப் பக்கம் அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"யாரு அண்ணி சொன்னது? ரெண்டு பல்லு ஆடுது. ஒரு பக்கமாவே மென்னுகினு கீறேன். வெளிய சொன்னா கெழவி ஆயிட்டேன்னு சிரிப்பாங்கன்னு..."

அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டாள். நானும் ரோட்டில் நின்றே அழுதேன்.

"கெளம்பி வா. டாக்டர் இன்னும் கீறாங்க."

ஆட்டோ பிடித்து வந்தாள். அவளிடமும் அதே கேள்வி. (அண்ணன்காரர் இந்த முறை டீ குடிக்கப் போய்விட்டார்.) வைத்தியம் பார்த்தால் இரண்டு பல்லையும் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டர். அந்தம்மா நன்றாக இருக்கட்டும்.

வெளியே வந்த தேவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஞாயித்துக்கெழம கறி வெக்கிறியா அண்ணி?"

"வெக்கிறேன். ஆனா ஈறு ஆறுற வரைக்கும் உனுக்கு ரசஞ்சோறுதான்."

தோழிகளே, உங்கள் வீட்டில் ஐம்பதை ஒட்டிய யாராவது குழம்பு காரம், கறி வேகவில்லை என்று புலம்புகிறார்களா? சமைத்தவரைத் திட்டாதீர்கள். சாப்பிட்டவரின் வாயைத் திறந்து பாருங்கள்.