கடல் எல்லையைப் பாடமாகப் படித்தவள்

காரைக்காலில், கிளிஞ்சல்மேட்டுக்குப் பக்கத்து மீனவ கிராமம் எங்களுடையது. ஊர்ப் பெயர் வேண்டாம். நான் பன்னிரண்டாவது படிக்கும்போது, எல்லை தாண்டியதாகச் சொல்லி அப்பாவின் விசைப்படகைப் பிடித்தார்கள். இலங்கைச் சிறையில் சில மாதங்கள் இருந்துவிட்டு வந்தார். அதன் பிறகு நான் சர்வதேச உறவுகள் பட்டப்படிப்பு படிக்கப் போகிறேன் என்றபோது ஊரில் யாரும் சிரிக்கவில்லை. படித்து வந்து நமக்காகப் பேசு என்று சொல்லித்தான் சென்னைக்கு அனுப்பினார்கள்.

கல்லூரியில் முதல் வாரம், இந்தப் படிப்பை ஏன் எடுத்தீர்கள் என்று ஆசிரியர் ஒவ்வொருவராகக் கேட்டார். தூதரக வேலை, ஐ.நா. சபை என்று பதில்கள் போய்க்கொண்டிருந்தன. அப்பா சிறையில் இருந்ததை நான் சொன்னேன். பின் வரிசையில் ஒருவன், கடத்தலா என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டது என் காதில் விழுந்தது. ஆசிரியருக்கும் விழுந்திருக்கும். அவர் அடுத்த ஆளுக்குக் கையைக் காட்டினார்.

உலகப் பண்பாடுகள் என்று ஒரு தாள் இருந்தது. காரைக்கால் என்றதும், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊராயிற்றே என்று என்னைப் பிரெஞ்சில் பேசச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாது என்றேன். ஏதோ தர வேண்டியதைத் தராமல் ஏமாற்றியவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். சரிகைச் சேலையும் கொண்டையுமாக யார் வீட்டிலோ இருந்த பழைய புகைப்படத்தை வைத்து ஒரு பெண் என் ஊரைப் பற்றி எனக்கே பாடம் நடத்தினாள். அந்த வகுப்பில் நான் தோழி என்று யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்த்துக்கொள்ளப் பிடிக்கவும் இல்லை.

மூன்றாம் ஆண்டில் கருத்தரங்குக்கு நான் எடுத்துக்கொண்டது எங்கள் கடலைத்தான். இந்தப் பக்கத்து ஆட்களிடம் கேட்டதை மட்டும் வைத்துப் பேசினால் மதிப்பெண் வராது என்று ஆசிரியர் சொன்னதால், ஒரு தொண்டு நிறுவனத்தின் மூலம் அக்கரையில், இலங்கையில் ஒரு பெண்ணின் எண் வாங்கினேன். அவள் கணவன் சின்னப் படகில் வலை போடுகிறவன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை. அதுவே எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது.

“உங்கட ஆக்கள் இழுவை மடியோட வாற நாளில நாங்கள் வலை போடுறேல்ல. போட்டால் விடியக்குள்ள கயிறுதான் மிஞ்சும்” என்றாள். விசைப்படகுகள் கடலடியில் இழுத்துக்கொண்டு போகும் பெரிய வலைதான் இழுவை மடி.

பிறகு, உங்கட அப்பா என்ன தொழில் என்று கேட்டாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. விசைப்படகில் இழுவை மடி போடுகிறவர் என்று சொன்னேன்.

“அப்ப என்ர வலையை இழுத்துக்கொண்டு போனது அவராயும் இருக்கலாம், என்ன?” என்று கேட்டாள்.

கருத்தரங்கில் இரண்டையும் பேசினேன். பிடிபட்டவர்களைச் சிறையில் வாட்டுவதும் படகைத் திருப்பித் தராமல் மக்க விடுவதும் அநியாயம் என்றேன். எங்கள் இழுவை மடி அவர்கள் வலையை அறுக்கிறது, அடிக்கடலையே வாரிக்கொண்டு வருகிறது, அதுவும் உண்மை என்றேன். வகுப்பில் யாரோ கைபேசியில் வீடியோ எடுத்திருந்தார்கள். இரண்டாவது பாதி மட்டும் வாட்ஸ்அப்பில் சுற்றி எங்கள் ஊர்க் குழுவுக்கு வந்து சேர்ந்தது.

பொங்கல் விடுமுறைக்கு ஊரில் இறங்கியபோது பேருந்து நிறுத்தத்திலேயே ஒருத்தி என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் பஞ்சாயத்தார் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். பெண்கள் அங்கே போகும் வழக்கமில்லை. நான் போனேன்.

பஞ்சாயத்தில் மூத்தவர் எனக்குச் சித்தப்பா முறை. அப்பாவோடு அதே சிறையில் இருந்தவர்.

“ஊரக் காட்டிக் குடுத்துட்டியேம்மா” என்றார்.

“முழுசாப் பாருங்க சித்தப்பா. ஜெயில்ல நடந்ததையும் பேசிருக்கேன்.”

“நாங்க முழுசாப் பாத்து என்ன? இலங்கைக்காரன் அந்தப் பாதியப் பாத்துட்டான்ல, போதும்.”

“அவங்க வலை அறுபடுறது பொய்யா? அத மட்டும் சொல்லுங்க.”

பொய் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டு, பொண்ணு தெரியாம பேசிட்டுது, மன்னிச்சிக்கிடுங்க என்றார். அவர்கள் மேல் வந்த கோபத்தைவிட அப்பா மேல் வந்த கோபம் பெரிது.

“யாரக் கேட்டு மன்னிப்பு கேட்டீங்க?” என்றேன், தெருவுக்கு வந்ததும்.

“நாளைக்கு நான் இவனுவளோடதான் கடலுக்குப் போவணும். நீ மெட்ராஸ் போயிடுவ.”

அம்மா அன்று எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டு அடுப்படிக்குள்ளேயே இருந்துகொண்டார்.

கல்லூரியில் என் பேச்சுக்கு நல்ல மதிப்பெண் வந்தது. அதைக் கட்டுரையாக்கி வெளியிடலாம், முதல் பெயராகத் தன் பெயர் இருக்கட்டும் என்றார் ஆசிரியர். முடியாது என்றேன். அந்தக் கட்டுரை வெளிவரவே இல்லை.

படிப்பு முடிந்து இப்போது காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் அத்தை வீட்டில் தங்கி, காரைக்காலில் போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். ஊருக்குள் போவதில்லை. போன மாதம் ஒரு காலையில் பஞ்சாயத்துச் சித்தப்பாவும் இன்னும் இரண்டு பேரும் அத்தை வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஊர்ப் படகு ஒன்று பிடிபட்டிருந்தது. வெளியுறவுத் துறைக்கு ஆங்கிலத்தில் மனு எழுத வேண்டும், உள்ளே வர நேரமில்லை, எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள்.

“எழுதித் தர்றேன். ஊருக்கு வந்து, பஞ்சாயத்துல உக்காந்து எழுதுறேன். எல்லாரும் இருக்கணும்” என்றேன்.

“அது நடக்காதும்மா” என்றார் சித்தப்பா. மூன்று பேரும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நான் கூப்பிடவில்லை. வக்கீல் ஒருவரை வைத்து எழுதி அனுப்பினார்கள் என்று பிறகு தெரிந்தது. பிடிபட்டவர்களில் ஒருவனின் மனைவி, நான் விளங்கவே மாட்டேன் என்று மண்ணை வாரித் தூற்றினாளாம்.

அவர்கள் வந்து போன மறுநாள் அப்பா போன் செய்தார். “எழுதிக் குடுத்திருக்கலாம்” என்றார்.

“எழுதிருப்பேன்ப்பா. அவங்க என்னை ஊருக்குள்ள விடாம, வாசல்ல நின்னே வாங்கிட்டுப் போவப் பாத்தாங்க.”

அவர் போனை வைத்துவிட்டார்.