நண்டுக் கொம்பனி வான்

அந்தக் காலையில் கொம்பனி வான் வண்டியில் முதலில் ஏறியது நான்தான். இன்றுவரை ஒருவரும் அதை என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

அப்போது நான்காம் வகுப்பு. அம்மா, சின்னம்மா உட்படக் குருநகர்ப் பெண்கள் பதினாறு பேர் நண்டுக் கொம்பனிக்குப் போனார்கள். அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிற வேலை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. எந்தக் கணக்கில் தந்தாலும் அரசாங்கம் வைத்த ஆகக்குறைந்த சம்பளத்துக்குக் கீழே போகக்கூடாது என்று சின்னம்மா விசாரித்து வந்து கேட்டா. முதலாளி சிரித்தாராம். "சட்டம் கொழும்பிலை இருக்கு, நண்டு இஞ்சை இருக்கு."

பெண்கள் கூடிக் கதைத்தார்கள். திங்கட்கிழமை ஒருவரும் வானில் ஏறுவதில்லை. நண்டு பழுதாகத் தொடங்கினால் மத்தியானத்துக்குள் முதலாளி இறங்கி வருவார்.

வான் வந்தது. எல்லோரும் கைகட்டி நின்றார்கள்.

"என்ன அக்காமார், கலியாண வீட்டுக்கோ நிக்கிறியள்?" என்றான் சாரதி.

"ஓம் தம்பி. முதலாளி நேரை வந்து சொன்னால்தான் வருவம்" என்றா சின்னம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வான்தான் தினமும் என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடும். சாரதி கதவைத் திறந்து, "பிள்ளை, உனக்கு நேரம் போகுதெல்லோ, ஏறு" என்றான். ஏறி என் ஜன்னலோரத்தில் இருந்துவிட்டேன்.

"இறங்கடி!" என்று அம்மா கத்தினா.

"மாட்டன். பிந்தினால் ரீச்சர் வெளியிலை விடுவா."

என்னை இழுக்க அம்மா ஒரு காலை உள்ளே வைத்தா. பின்னால் நின்ற ஒருத்தி, "அக்காவே ஏறிற்றா, இனி எனக்கென்ன?" என்று ஓடிவந்தா. பிறகு இன்னொருத்தி. நெருக்கியதில் அம்மாவும் உள்ளே வந்துவிட்டா. இறங்கியிருக்கலாம்தான். ஆனால் எங்கள் வீட்டில் உழைக்க வேறு ஆள் இல்லை. வான் புறப்பட்டபோது வெளியே சின்னம்மா மட்டும் கைகட்டியபடி நின்றா.

நேரத்துக்கு வந்ததற்கு ரீச்சர் என்னைக் கெட்டிக்காரி என்றா. பின்னேரம் ஓடிப்போய் அதை முதலில் சின்னம்மாவிடம்தான் சொன்னேன். "நல்லது பிள்ளை" என்று தலையைத் தடவினா.

அதன்பிறகு கூலியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் வான் சின்னம்மாவை ஏற்றாமலே போனது. அவவுக்கு மட்டும் இவ்வளவு லீவா என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.