ஓட்டமாவடியில் கழற்றிய பிரேக்

2009 ஆவணி, சனிக்கிழமை. அதிகாலை நாலரைக்கு நானும் மனைவி சுமதியும் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து காரில் புறப்பட்டோம். போகும் இடம் கிழக்குக் கடற்கரையில் கல்குடா. சுனாமியில் வீட்டை இழந்து, போரும் சேர்ந்துகொண்டதால் நாலரை வருடம் தகரக் கொட்டிலில் இருந்த என் அக்காவுக்குப் புதுவீடு கட்டி முடிந்திருந்தது. மறுநாள் காலை பால் காய்ச்சுகிறார்கள். யுத்தம் ஓய்ந்து மூன்று மாதம். இந்தப் பாதையில் சொந்தக் காரில் போவது எனக்கு இதுவே முதல் தடவை.

தினமும் வேலைக்குப் போவது அந்தக் காரில்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு, தெற்கே ஒரு பழைய விமான ஓடுபாதையில் நண்பர்களோடு வேகமாக ஓடிப் பார்ப்பதும் அதில்தான். வளைவு வரும்வரை வேகம் குறைக்காமல் போய், கடைசி நொடியில் பிரேக்கை மிதிப்பவன் என்று அங்கே எனக்குப் பெயர். அதில் பெருமையும் இருந்தது. போன ஞாயிறும் ஓடினேன். புறப்படுமுன் டயரைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்த்தேன். பிரேக்கைப் பார்க்கவில்லை.

10.40. பொலன்னறுவையில் தேநீர். அதுவரை ஏறக்குறைய 215 கிலோமீற்றர். அதற்கப்பால் தெருவைவிடக் குழிகள்தான் அதிகம். குழிக்குக் குழி பறந்தேன், ஒவ்வொன்றின் விளிம்பிலும் பிரேக்கை மிதித்தேன். பின்னால் அக்காவுக்கான தையல் மெசினும் அரிசி மூட்டையும் குலுங்கின. மன்னம்பிட்டி தாண்டியதும் முன்சில்லில் இரும்பு உரசும் சத்தம்.

"என்னவோ கிறீச்சிடுது," என்றாள் சுமதி.

"தூசி," என்றேன்.

12.15. ஓட்டமாவடிக்கு முன் இராணுவச் சோதனைச்சாவடி. தெருவுக்குக் குறுக்கே மண் நிரப்பிய தார்ப் பீப்பாய்கள். மிதித்தேன், கால் அடிவரை போயிற்று. மறுபடி மிதித்தேன், அரைகுறையாகப் பிடித்தது. கியரை இறக்கி, கைப்பிரேக்கை இழுத்து, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி, பீப்பாய்க்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. சிப்பாயின் துப்பாக்கி எங்களை நோக்கி நீண்டிருந்தது. இருவரும் கைகளை உயர்த்தினோம்.

"பிரேக் இல்லை," என்று சிங்களத்தில் சொன்னேன்.

அவன் முன்சில்லிலிருந்து எழுந்த புகையைப் பார்த்தான். துப்பாக்கி மெல்லத் தாழ்ந்தது. "நானும் பயந்துவிட்டேன்," என்றான். இருபது வயதுதான் இருக்கும். அவன் பொறுத்த அந்த இரண்டு நொடிகளுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். வழியே வந்த உழவு இயந்திரம் ஒன்றை மறித்து, எங்களைக் கட்டியிழுத்துப் போகச் சொன்னதும் அவன்தான்.

ஓட்டமாவடியில் கராஜ் வைத்திருந்த நிசாமுக்கு என் வயது, நாற்பது இருக்கும். வளைகுடா நாடொன்றில் கார்ப் பந்தயத் திடலில் ஒன்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவர். சில்லைக் கழற்றி, பிரேக் பேடை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெறும் இரும்புத் தகடு.

"ரேஸ் ஓடுறீங்களா அண்ணன்?"

"எப்படித் தெரியும்?"

"டிஸ்க் சூட்டில நீலம் பாய்ஞ்சிரிக்கி பாருங்க. இது சந்தைக்குப் போற காருக்குப் போடுற பேட். அதோட ரேஸ் ஓடினா கருகும். பிரேக் ஒயிலும் கொதிச்சிரிக்கி." துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "பிந்தி மிதிக்கிறதில பிழையில்ல. அழுத்தி மிதிச்சி உடன விட்டிரணும். நீங்க மிதிச்ச காலை எடுக்கிறல்ல. அதுக்கு ஆற நேரமே இல்ல."

"அப்ப இவர் ஓடுறது பிழையா?" என்று சுமதி கேட்டாள்.

"ஓடுறது பிழையில்லக்கா. நிப்பாட்டுறதுதான்."

அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருப்பேன் என்ற எண்ணமே மனதில் ஓடிற்று.

நிசாம் மோட்டார் சைக்கிளில் வாழைச்சேனைக்குப் போய்ப் புதுப் பேட் வாங்கி வந்தார். பழைய ஒயிலை முழுக்க இறக்கினார். வேலை முடிய மூன்றரை. புதுப் பேட் படியும்வரை கவனம் வேண்டும் என்று தானும் கூட ஏறிக்கொண்டார்.

"முன்னால மாடு நிக்கிது. என்ன செய்யப் போறீங்க?"

"பிரேக்."

"இல்ல. எக்ஸிலேட்டரை விடுங்க. நாம போறதுக்குள்ள அது போயிரும்."

போய்விட்டது. கல்குடாவரை பிரேக்கை நாலைந்து முறைதான் தொட்டிருப்பேன்.

அக்கா வாசலில் நின்றார். நடந்ததைக் கேட்டதும் நிசாமிடம் திரும்பினார். "எந்த இடம் தம்பி?"

"ஓட்டமாவடி."

அக்கா படியிறங்கி அவர் அருகே வந்தார். "சுனாமியண்டு ஓடிவந்து உங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்திலதான் கிடந்தம். பத்து நாள் உங்கட ஆக்கள்தான் சோறு தந்த."

"நான் அப்ப வெளிநாட்டில. டீவியில பாத்து அழுதன். உம்மாவும் அங்க சோறாக்கினதாம்."

"அப்ப நீங்க சாப்பிடாமப் போகேலா," என்று அக்கா, பால் காய்ச்சுமுன்னரே, கொட்டிலில் ஆக்கிய சோற்றைக் கொண்டுவந்து உள்ளே இலை போட்டார். புதுவீட்டில் முதலில் சாப்பிட்ட விருந்தாளி நிசாம்தான். மீன்கறியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திங்கள் காலை கல்குடாவிலிருந்து திரும்பினோம். கொழும்பில் எந்தப் பயணத்தையும் எத்தனை மணி நேரத்தில் முடித்தேன் என்றுதான் சொல்லித் திரிவேன். இம்முறை என் பழைய வேகத்துக்கு ஆகியிருப்பதைவிட ஒன்றரை மணி நேரம் கூடிற்று. பொலன்னறுவை தாண்டியதும் சுமதி கண்ணாடியில் தலைசாய்த்துத் தூங்கிப்போனாள். மணமாகிப் பதினொரு வருடத்தில், நான் ஓட்டும் காரில் அவள் கண்மூடியது அன்றுதான்.