சேவியர் அண்ணன் கட்டிக்கொள்ளாத துண்டு

சேவியர் அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி வெள்ளிக்கிழமை காலை எங்கள் வாட்ஸ்அப் புலனக் குழுவுக்கு வந்தபோது நான் அதை நம்பவில்லை. செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்திருந்தது. "அண்ணன் காலையில தவறிட்டாரு. ஹார்ட் அட்டாக். பிலோமினா" என்று இருந்தது. மனைவியின் பெயரைப் போட்டுக் கணவர் எழுதுவது என்ன பெரிய காரியமா? குழுவில் எல்லாரும் படித்துவிட்டார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. முந்திக்கொண்டு அனுதாபம் எழுதி ஏமாற யாருக்கும் விருப்பமில்லை. அண்ணன் எங்களை அப்படிப் பழக்கி வைத்திருந்தார்.

மாசாயில் இருக்கும் அவர் வீட்டுக்கு அழைத்தேன். அவர் மனைவி பிலோமினா அக்கா எடுத்தார். பேசவில்லை, அழுதார். அப்போதும் பின்னால் யாராவது சிரிக்கிறார்களா என்று ஒரு நொடி காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சேவியர் அண்ணன் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். நானும் அதே பிரிவில்தான் இருக்கிறேன். ஞாயிறு காலையில் தேவாலயப் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுவார். மதியம் விலை உயர்ந்த ஹெட்போன்களை வெவ்வேறு இசைக்குப் போட்டுக் கேட்டு, எது எதற்கு ஏற்றது என்று தமிழில் காணொளி செய்வார். படம்பிடிப்பது என் வேலை. ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் நம் பிள்ளைகள் பலர் அவர் சொல்லைக் கேட்டுத்தான் வாங்கினார்கள்.

எங்கள் பழக்கம் தொழிற்சாலை உணவகத்தில் தொடங்கியது. நான் புதிதாக வாங்கிய ஹெட்போனைப் பெருமையோடு காட்டினேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"எந்தப் பாட்டப் போட்டு வாங்குன, மணி?"

"கடையில ஒரு பாட்டு போட்டாங்கண்ணே. சூப்பரா இருந்துச்சி."

"அலமாக்! கடைக்காரன் பாட்டுல கடைக்காரன் சரக்கு நல்லாத்தான்லா இருக்கும். மாப்பிள்ள வீட்டுல குடுத்த போட்டோவப் பாத்துப் பொண்ணு குடுத்த கத."

பிறகு தன் கைப்பேசியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டார். உறுமி மேளம், வீணை, கம்புஸ் என்ற மலாய் நரம்புக் கருவி வாசிக்கும் ஜொகூர் கசல், தேவாலயப் பாடல், நம் பிள்ளைகளின் ராப். ராப் மட்டும் அமர்க்களமாக இருந்தது. தேவாலயப் பாடலில் எல்லாரும் அலமாரிக்குள் நின்று பாடுவதுபோல் கேட்டது. இவர் வேறு ஏதாவது கடைக்கு ஆள் பிடிக்கிறாரோ என்று கூட நினைத்தேன். இல்லை, அவர் எந்தக் கடையையும் நம்பாதவர்.

ஞாயிறு மதியங்களில் அவர் வீட்டுக் கூடத்தில் கூடுவோம். வருகிறவர் மூக்குக்கண்ணாடி, தொப்பி எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும். கண்ணைத் துண்டால் கட்டிவிட்டுத்தான் ஹெட்போனை மாட்டுவார். பெயரும் விலையும் தெரிந்தால் காது கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. எல்லா ஹெட்போனுக்கும் சத்தத்தை ஒரே அளவில் வைப்பார், ஏனென்றால் கொஞ்சம் சத்தம் கூடினாலே மூளை அதை நல்ல ஒலி என்று நினைத்துக்கொள்ளும். "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். தீர விசாரிப்பது அவர் வேலை.

ஒருமுறை, விலை உயர்ந்த புது ஒயர் மாட்டியிருக்கிறேன் என்று சொல்லி எங்கள் எல்லாரையும் கேட்க வைத்தார். வீணையின் கம்பி தனியாக மின்னுகிறது என்றார் ஒருவர். கசலில் ஆர்மோனியம் மூச்சு விடுகிறது என்றேன் நான். எல்லாம் முடிந்த பிறகு சொன்னார், அவர் ஒயரை மாற்றவே இல்லை. அன்றிலிருந்து அவர் காலை வணக்கம் சொன்னாலும் நாங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வோம்.

இப்படி ஊரையே சோதித்தவர் தன் கண்ணை மட்டும் ஒருநாளும் கட்டிக்கொண்டதில்லை. கட்டிக்கொண்டால் வேறொருவர்தானே ஹெட்போனை மாட்ட வேண்டும்? அந்த ஆளை எப்படி நம்புவது? அதனால் அவர் முறை வரும்போது, தடித்த சட்டம் போட்ட தன் கண்ணாடியோடு, எங்கள் கைகளை முறைத்துக்கொண்டே கேட்பார்.

தேவி வந்தது அப்போதுதான். ஜொகூர் பாருவில் சின்னதாக ஹெட்போன் கடை திறந்த பெண். தன் கடையிலேயே விலை கூடிய ஒன்றை அண்ணனுக்குக் கேட்டுப் பார்க்க அனுப்பியிருந்தார். அண்ணன் காணொளியில் பச்சையாகச் சொல்லிவிட்டார்: "வீணைக்குப் பரவால்ல. உறுமி அடிக்கிறான், ஆனா வயித்துல விழல. இது ஒரிஜினலா, பாசார் மாலாம் டூப்ளிகேட் சரக்கான்னே எனக்கு டவுட்டா இருக்கு." அடுத்த வாரமே தேவி மாசாய்க்கு வந்து நின்றார்.

"அண்ணே, கட தொறந்து ஒரு வருசங்கூட ஆகல. ஒங்க வீடியோ வந்ததுலேர்ந்து ஆளுங்க என்னைத்தான் ஏமாத்துக்காரிய பாக்குற மாரி பாக்குறாங்க. இப்படியே போனா கடைய மூட வேண்டியதுதான். எந்தக் கடைக்காரன் சொல்லிக் குடுத்தான் ஒங்களுக்கு?"

"எனக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேணாம்மா. என் காது சொல்லுது."

"எல்லாரு கண்ணையும் கட்டுறீங்கல்ல? இன்னிக்கி ஒங்க கண்ணக் கட்டுங்க."

பிலோமினா அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "கட்டிக்குங்களேன், என்னா பயம்?" என்றார். மறுக்க வழியில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார், தானே துண்டைக் கட்டினார். அவர் ஹெட்போனையும் தேவியின் ஹெட்போனையும் நான் மாற்றி மாற்றி மாட்டினேன். இரண்டாவதை மாட்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதுதான்! உறுமின்னா இதுதான்லா. வயித்துல விழுது பாரு."

அது தேவியுடையது. துண்டை அவிழ்த்துப் பார்த்தார், முகம் சுருங்கியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதையே மறுபடி மாட்டிக் கேட்டார். உறுமி செத்துப்போயிருந்தது.

"மணி, எதயோ மாத்திட்ட."

இத்தனை வருடம் கூட வேலை செய்தவன் மேல் இப்படி ஒரு பழி! எனக்கோ தேவியின் பைக்குள் இன்னொன்று இருக்குமோ என்று சந்தேகம். தேவி எங்கள் இருவரையும் நாடகக்காரர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு அண்ணன் அருகில் போய், "ஆடாம இருங்கண்ணே" என்று சொல்லி, தலையில் ஹெட்போன் இருக்கும்போதே கண்ணாடியை மட்டும் மெல்ல உருவினார்.

அண்ணனின் வாய் திறந்தது. அந்த ஹெட்போனின் காது மெத்தை கெட்டியானது. கண்ணாடியின் தடித்த சட்டம் அதைக் காதில் ஒட்டவிடாமல் தூக்கிப் பிடித்திருக்கிறது. அந்த இடுக்கு வழியாக அடி ஒலி முழுவதும் வெளியே போயிருக்கிறது. அவருடைய பழைய ஹெட்போனின் மெத்தை பஞ்சுபோல் இருந்ததால் இத்தனை நாள் தெரியவில்லை.

வேறொருவராக இருந்தால் சமாளித்திருப்பார். அண்ணன் அங்கேயே என்னைப் படம்பிடிக்கச் சொன்னார். கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினார்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அது நான்தான். தங்கச்சி கடையில எந்தத் தப்பும் இல்ல. நான் ஊரயெல்லாம் சந்தேகப்பட்டேன், என் மூக்கு மேல இருந்தத சந்தேகப்படல." இதுவும் ஏதாவது தந்திரமோ என்று தேவி கடைசிவரை கதவருகிலேயே நின்றிருந்தார். காணொளி வெளியான பிறகுதான் உட்கார்ந்து தேநீர் குடித்தார்.

அதன்பின் அண்ணன் தன் பழைய காணொளிகள் எல்லாவற்றையும் நீக்கினார். ஒவ்வொரு ஹெட்போனையும் கண்ணாடியோடும் கண்ணாடி இல்லாமலும் மறுபடி கேட்டார். எங்களிடம் துண்டைக் கொடுத்துக் கட்டச் சொன்னார். கட்டும்போது அவர் தோள் இறுகுவது என் கைக்குத் தெரியும். மனிதர்களை நம்புவது அவருக்கு அவ்வளவு கடினமாக இருந்தது, ஆனாலும் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அந்த நாட்களில்தான். அன்புகூட அப்போதுதான் வந்தது.

தேவாலயத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, எல்லாருக்கும் தெரிந்த அந்தத் தடித்த கண்ணாடி. நான் வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு லேசாகத் துடிக்கும், "ஏமாந்தியா மணி?" என்பார் என்று ஒரு பாழாய்ப்போன மனம் காத்துக்கொண்டிருந்தது. துடிக்கவில்லை. அப்போதுதான் நம்பினேன். நம்பியதும் அழுகை வந்தது.

பாடகர் குழு எழுந்து நின்றது. அடிக்குரல் வரிசையில் அவருடைய இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். முதல் அடியைத் தொடங்கப் போகும் நேரம், கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்த தேவி, பிலோமினா அக்காவிடம் குனிந்தார்.

"அக்கா, பாடப் போறாங்க. கண்ணாடிய எடுத்துரலாமா?"

அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து, கணவரின் கண்ணாடியை இரண்டு கையாலும் மெல்ல உருவி, மடித்து, அவர் சட்டைப் பையில் வைத்தார். பாட்டு தொடங்கியது.

நல்லாக் கேளுங்கண்ணே. இந்தத் தடவை யாரும் எதையும் மாத்தல.