இருபத்தெட்டு வீட்டு ஈரம்

உலகத்து விஞ்ஞானிகளெல்லாம் கண்ணாடிக் குழாய்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த 2021ஆம் ஆண்டுத் தை மாதத்தில், கொரோனாவைப் பழைய பெனியன் துண்டொன்றால் துடைத்துத் திருப்பி அனுப்பிய ஒரே மனுசி விசுவமடுத் தையல்கடைத் தயாளினி அக்காதான். அந்தக் கிருமி பரந்தன் சந்தியில் முல்லைத்தீவுப் பக்கம் திரும்பும்போதே, "விசுவமட்டில அவா இருக்கிறாவாம், பேசாமல் பூநகரிக்குப் போவமோ?" என்று தனக்குள் கதைத்ததாகக் கேள்வி.

இந்தக் கதையைப் பரப்பியவள் கிருசாந்தி. வயது பதினாறு. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் அவளும் ஒருவருக்கொருவர் கும்பிடு போட்டுப் பிரிந்துவிட்டார்கள். அதன்பிறகு தையல்கடையில் பொத்தான் தைக்கிறாள். இதை எழுதுகிறவளும் அவள்தான் என்பதால், அவளைப் பற்றி இங்கே நல்லதாகவே சொல்லப்படும்.

தையல்கடைக்கும் ட்ரோனுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். ஊரில் கல்யாணவீடு, பூப்புனித நீராட்டு நடக்கிற சாமத்தியவீடு என்று படமெடுக்கிற ஸ்ரூடியோக்காரர் மூன்று பேர் சேர்ந்து ஒரு ட்ரோன் வாங்கினார்கள். சேர்ந்து வாங்க முடிந்தது, ஒருவரை ஒருவர் நம்ப முடியவில்லை. யார் வீட்டில் வைத்தாலும் மற்ற இருவருக்கும் நித்திரை வராது. கடைசியில் மூவரும் ஒத்துக்கொண்ட ஒரே இடம் தயாளினி அக்காவின் அலுமாரி. சட்டை தைத்து மிஞ்சுகிற விரலகலத் துண்டைக்கூட முடிச்சுக் கட்டி உரியவர் கையில் கொடுத்துவிடுகிற தையல்காரி அவர்.

கொரோனா வந்ததும் புதுப் பிரச்சினை. ட்ரோன் வானத்தில் பறக்கும், அதை யாரும் தொடுவதில்லை. ஆனால் ரிமோட்டை மூன்று பேரும் பிடிக்கிறார்கள். ட்ரோன் பார்ப்பதை அப்படியே கண்முன் காட்டுகிற கண்ணாடியை மூன்று பேரும் முகத்தில் அப்பிக்கொள்கிறார்கள். மூவரில் மூத்தவரான சிவகரன், வீட்டு வாசலில் மஞ்சள் தண்ணியும் வேப்பிலையும் வைத்திருந்தவர், அதே தண்ணியால் ரிமோட்டையும் துடைத்துவிட்டார். வெள்ளை ரிமோட் மூன்றாம் நாள் பூப்புனித நீராட்டுக்கு இருத்திய பிள்ளை மாதிரி மஞ்சளாய் நின்றது.

"இனி ஒருத்தரும் இதில கைவைக்கக் கூடாது. துடைக்கிறது நான்" என்றார் தயாளினி அக்கா.

அவருக்கு அந்த வேலை தெரியும். தையலுக்கு வருமுன் ஆஸ்பத்திரி சத்திரசிகிச்சைக் கூடத்தில் நாலு வருடம் துப்புரவு வேலை செய்தவர். முதலில் பற்றரியைக் கழற்றுவார். ஸ்பிரிட்டைச் சாமானில் ஊற்றமாட்டார், துணியில் நனைத்துத்தான் துடைப்பார். கண்ணாடியின் உள்வில்லைக்கு வேறு துணி. முகத்தில் படுகிற பஞ்சுக்கு ஆளுக்கொரு துணி உறை தைத்து, கொதிதண்ணியில் அவித்துக் காயப்போட்டிருந்தார். எல்லாவற்றிலும் முக்கியம், ஈரம் ஒரு நிமிடம் காயாமல் நிற்க வேண்டும்.

நிமிடத்துக்கு அவர் மணிக்கூடு பார்ப்பதில்லை. றோட்டிலிருந்து குளக்கட்டு வரைக்கும் தன் ஒழுங்கையில் இருக்கிற இருபத்தெட்டு வீட்டையும் வரிசையாகச் சொல்லுவார். "வடிவம்மா வீடு, பொன்னையா அண்ணை வீடு..." ஒரு வீடு தவறினாலும் திரும்பத் துடைத்து, திரும்ப முதலிலிருந்து தொடங்குவார். கிருசாந்தி இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஸ்ரூடியோக்காரருக்குச் சனி பிடித்தது. பத்தொன்பதாவது வீடு வந்ததும் வாயைத் திறப்பாள்.

"அக்கா, ராஜரத்தினம் அண்ணையின்ர நாயைச் சொல்லேல்லை. அதுவும் அந்த வீட்டு ஆள்தானே?"

"எடியே, எண்ணிக்கை போச்சு!"

"கடவுளே, எனக்கு அங்கை மாப்பிள்ளை குதிரையில ஏறிட்டான்!" என்று சிவகரன் தலையில் கைவைப்பார்.

அந்தத் தையில்தான் கமலாசனி மாமியின் மகள் கௌசலாவுக்குக் கல்யாணம். மாமிக்கு அவள் ஒரே பிள்ளை. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்க, மாமியோடு ஒரே வாகனத்தில் வந்த மாமியின் தமையனுக்குக் கொரோனா என்று முடிவு வந்தது. சுகாதாரப் பரிசோதகர் வந்து மாமியின் வாசல் படலையில் அறிவித்தல் ஒட்டினார். பதினாலு நாள் வெளியே வரக்கூடாது. கௌசலா கிளிநொச்சியில் பெரியம்மா வீட்டில் நின்றதால் தப்பினாள். நாள் மாற்ற மாப்பிள்ளைக்கு லீவு இல்லை.

கல்யாணம் நடக்கிற கோயில், மாமி வீட்டுக்குப் பின்னால் ஒரு வயல் தள்ளித்தான். ஆனால் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தால் கோபுரம் தெரியும், தாலி தெரியாது. போனில் காட்டலாமென்றால் அந்த வீட்டில் சிக்னல் இல்லை, வட்டம்தான் சுற்றும்.

"கண்ணாடியை மாமிக்குக் குடுப்பம். ட்ரோனிலயிருந்து நேராப் படம் வரும், சிக்னல் தேவையில்லை" என்றார் தயாளினி அக்கா.

சிவகரன் துள்ளினார். "அக்கா, உங்களுக்கென்ன விசரே? அந்த வீட்டுக்குப் போன சாமானைத் திரும்ப ஆர் முகத்தில வைக்கிறது? எனக்குப் பின்னேரம் நெளுக்குளத்தில சாமத்தியவீடு!"

"நான் துடைக்கிறன். துடைச்சுப்போட்டு உமக்கு முன்னால முதல்ல என்ர முகத்தில போடுறன். பிறகென்ன?"

அன்றிரவே அக்கா மாமிக்கென்று ஓர் உறை தைத்தார். கௌசலாவின் கல்யாண பிளவுசில் மிஞ்சிய சிவப்புத் துண்டில். துண்டு மாமியுடையதுதானே, எப்படியும் திருப்பிக் கொடுக்க வேண்டியது.

கல்யாணத்தன்று காலை மாமி வீட்டுப் படலைக்கு உள்ளே ஒரு கதிரையில் கண்ணாடியை வைத்துவிட்டு அக்காவும் கிருசாந்தியும் வெளியே தள்ளி நின்றார்கள். மாமி வீட்டுக்குள்ளிருந்து வந்ததும் தயாளினி அக்கா திகைத்துப்போனார். அரக்குப் பட்டுச்சீலை, கழுத்தில் அட்டியல், தலை நிறையப் பூ, அதற்குக் கீழே நீல மாஸ்க்.

"என்ன மாமி, இந்தக் கோலம்?"

"கிருசாந்தி சொன்னவள். நான் கண்ணாடியைப் போட்டால் அங்கை இருக்கிற எல்லாருக்கும் என்னைத் தெரியுமாமே? வீட்டுச்சட்டையோட நிண்டால் சம்பந்தியார் என்ன நினைப்பினம்?"

அக்கா திரும்பிக் கிருசாந்தியைப் பார்த்த பார்வையில் ஊசியும் நூலும் இருந்தன. "வீட்டுக்கு வாடி. உனக்கு இருக்கு."

மாமி கண்ணாடியை மாட்டினார். பிறகு வாய் ஓயவில்லை. "ஐயோ, என்ர பிள்ளை! கொண்டை சரிஞ்சிருக்கு, ஆராவது சொல்லுங்கோவன்! ஐயர் என்ன மேலை பார்த்து முறைக்கிறார்?" ட்ரோன் காற்றில் ஓமப்புகை ஐயரின் முகத்துக்கே போயிருந்தது. கோயிலடியில் நின்ற சிவகரன் ட்ரோனைப் பின்னுக்கு எடுத்தார். மேளம் இறுகி, வயல் தாண்டிக் கெட்டிமேளம் கேட்டது.

"கட்டியாச்சு," என்றார் மாமி. "கட்டியாச்சு தயாளினி. மூண்டு முடிச்சும் கண்டனான்."

அப்போது ட்ரோன் வயலுக்கு மேலால் இந்தப் பக்கம் வரத் தொடங்கியது.

"உது ஆர் மனுசி? பட்டுச்சீலையோட படலையில நிக்கிறா, நல்ல வடிவாத்தான் இருக்கிறா."

"அது நீங்கள்தான் மாமி," என்றாள் கிருசாந்தி. "மேலை பார்த்துக் கையைக் காட்டுங்கோ."

மாமி இரண்டு கையையும் ஆட்டினார். தலையிலிருந்து பூ கழன்று விழுமட்டும் ஆட்டினார்.

மத்தியானம் சாமானெல்லாம் கடைக்கு வந்தன. சிவகரன் கதிரையில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்தார். அக்கா ரிமோட்டைக் கையில் எடுத்தவர் நின்றுவிட்டார். ரிமோட்டில் இருக்கிற சின்னத் திரையின் ஓரத்தில் குங்குமமும் சந்தனமும் சேர்ந்த ஒரு பெருவிரல் அடையாளம்.

"இது கல்யாணப் பொம்பிளையின்ர கை எல்லோ? தம்பி, துடைக்காமலே அவளிட்டைக் குடுத்தனீர்?"

"துடைச்சுத்தான் குடுத்தனான் அக்கா! தாலி கட்டி முடிய ட்ரோனைத் தாய் வீட்டுக்கு மேலை கொண்டுபோய், திரையைப் பொம்பிளைக்குக் காட்டச் சொன்னதே உந்தப் பெட்டைதான். விடிய வந்து ஸ்பிரிட்டும் துணியும் தந்து, ஒரு கடுதாசியில இருபத்தெட்டு வீட்டையும் எழுதித் தந்தவள். ராஜரத்தினம் அண்ணையின்ர நாயைக்கூட விடேல்லை. கௌசலா தாயைப் பட்டுச்சீலையோட கண்ட உடனை திரையைத் தடவினவள், விடமாட்டன் எண்டிட்டாள்."

கிருசாந்தி ஊசிக்கு நூல் கோக்கிறதில் மும்முரமாக இருந்தாள். "சிவகரன் அண்ணைக்கு வெயில் பிடிச்சிட்டுது," என்றாள்.

அக்கா கண்ணாடியின் சிவப்பு உறையைக் கழற்றிக் கொதிதண்ணியில் போட்டார். துடைத்தார். ஈரம் மினுங்க, எண்ணத் தொடங்கினார். வடிவம்மா வீடு, பொன்னையா அண்ணை வீடு... குளக்கட்டு வரைக்கும் ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தார். புது உறை மாட்டி, சொன்னபடி முதலில் தன் முகத்தில் போட்டுக் காட்டினார். பிறகு அதையும் கழற்றி, திரும்பத் துடைத்து, திரும்ப இருபத்தெட்டு வீடு எண்ணி, வேறு உறை போட்டுச் சிவகரனிடம் கொடுத்தார். சிவகரன் நெளுக்குளத்துக்குப் பறந்தார்.

"எடியே, ஏன் கண் சிவந்திருக்கு?"

"ஸ்பிரிட் ஆவி அடிச்சிட்டுது."

"ஓமோ?" தயாளினி அக்கா துணியை மடித்து வைத்தார். "ரெண்டு தரம் எண்ணினனான். ரெண்டு தரமும் பத்தொன்பதாம் வீட்டில நீ நாயைக் கேட்கேல்லை. கௌசலா திரையைத் தடவினதைக் கேட்டு அழுதுகொண்டிருந்தனி எல்லோ?"